மோதிரத்தை ஏன் முறை வைத்துச் சுமக்கவில்லை?

டோல்கீனின் 'த லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' நாவலில், எல்ஃப்களின் இடமான ரிவெண்டெலில் கூடும் அவையில் ஒரு நீண்ட மௌனம் வரும். எல்ஃப்களும் குள்ளர்களும் மனிதர்களும் காலையிலிருந்து பேசிக் களைத்திருப்பார்கள். இருண்ட அரசன் சௌரோனின் மோதிரத்தை ஒளித்துவைக்க முடியாது, கடலில் போட முடியாது, அவனுக்கு எதிராகவே பயன்படுத்தவும் முடியாது. அது எந்த எரிமலையின் நெருப்பில் செய்யப்பட்டதோ அந்த நெருப்பில்தான் அழியும். அந்த மலையோ எதிரியின் நாட்டுக்கு நடுவில் இருக்கிறது. சரி, யார் கொண்டுபோவது? மோதிரத்தை முன்பு வைத்திருந்த பில்போ, ஹாபிட் என்ற சின்ன உருவ இனத்தைச் சேர்ந்த வயதானவர், எழுந்து, நான் தொடங்கியதை நானே முடிக்கிறேன் என்கிறார். அவரை அனுப்ப யாருக்கும் மனம் வரவில்லை. அப்புறம் எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். நண்பகல் மணி அடித்து ஓய்கிறது. கடைசியில் பில்போவின் வாரிசான ஃப்ரோடோ என்ற ஹாபிட் வாய் திறக்கிறான்: வழி தெரியாது, ஆனாலும் நான் எடுத்துப்போகிறேன்.

1954, 1955 ஆண்டுகளில் மூன்று பாகங்களாக வெளிவந்த அந்த நாவலில் இந்தக் காட்சியைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு ஒரு கேள்வி வந்துகொண்டே இருந்தது. அங்கே இருப்பவர்களில் உடல் வலிமை, மந்திர வலிமை, போர் அனுபவம் எதிலும் கடைசியில் இருப்பவன் அவன். அவனிடம் ஏன்? அவனிடமே கொடுத்தாலும், ஒன்பது பேர் சேர்ந்து போகிறார்களே, ஆளுக்கு ஒரு வாரம் என்று முறை வைத்துச் சுமந்தால் ஆகாதா? கனமான மூட்டையை அப்படித்தானே தூக்குவோம்?

இதற்குக் கதாநாயகன் என்றால் தனியாகத்தான் போக வேண்டும், அதுதான் வழக்கம் என்று பதில் சொல்லிவிடலாம். எனக்கு அது போதவில்லை. டோல்கீன் அந்தத் தனிமையை வழக்கத்துக்காக வைக்கவில்லை. அவர் உண்டாக்கிய சுமையின் தன்மையிலிருந்தே அது வருகிறது. அந்தத் தன்மையைப் புரிந்துகொண்டால், யார் சுமக்கலாம், யாரோடு போகலாம், முடிவில் என்ன ஆகும் என்பதெல்லாம் வரிசையாக விளங்கிவிடுகிறது.

பாற்கடலைக் கடைந்தபோது எழுந்த ஆலகால விஷத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதைக் கண்டதும் தேவர்களும் அசுரர்களும் ஓடினார்கள். சிவன் வாங்கி விழுங்கினார். அது தொண்டையிலேயே நின்றது, நீலகண்டர் ஆனார். அதுவும் ஒருவர் தனியாக ஏற்ற சுமைதான். ஆனால் அங்கே கணக்கு நேரானது. ஆபத்து பெரிது, ஆகவே தாங்குகிறவரும் பெரியவர். அந்த விஷத்தின் மேல் யாருக்கும் ஆசை இல்லை. எல்லோரும் அதை விட்டு விலகத்தான் பார்த்தார்கள்.

மோதிரத்தின் கணக்கு இதற்குத் தலைகீழ். அதைப் பார்த்து ஓடுகிறவர்கள் குறைவு. பக்கத்தில் வருகிறவர்களில் பலர் அதை விரும்ப ஆரம்பிக்கிறார்கள். அழகான தங்க வளையம், விரலில் போட்டால் உருவம் மறைகிறது. கொஞ்ச நாளில் அது இல்லாமல் இருக்க முடிவதில்லை. விஷத்தைத் தாங்க வலிமை வேண்டும். ஆசையைத் தாங்கும்போது வலிமையே எதிராகத் திரும்பிவிடும், ஏனென்றால் வலிமை உள்ளவனுக்கு அந்த ஆசையை நிறைவேற்றிக்கொள்ளக் கையும் ஆளும் இருக்கின்றன.

மோதிரம் எப்படி வேலை செய்கிறது என்பதை டோல்கீன் மிகச் சின்னச் சின்னச் செய்கைகளில் காட்டுகிறார். நாவலின் தொடக்கத்தில் பில்போ தன் 111ஆவது பிறந்தநாள் முடிந்ததும் ஊரைவிட்டுப் போகிறார். மோதிரத்தை உறையில் போட்டு ஃப்ரோடோவுக்காக வீட்டில் விட்டுச் செல்வதாக ஏற்பாடு. ஆனால் உறையைக் கணப்புக்கு மேலே இருக்கும் தட்டில் வைக்கப் போன கை, அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறது. அவருடைய நண்பரான மந்திரவாதி கேன்டால்ஃப் நினைவூட்டினால் பில்போவுக்குக் கோபம் வருகிறது. இது என்னுடையது, நான் ஏன் தர வேண்டும் என்கிறார். கடைசியில் ஒருவழியாக விட்டுவிட்டுப் போகிறார், போனதும் மனசு லேசாகிறது. அவர் அதை வைத்திருந்தது 60 ஆண்டுகள்.

பிறகு ஃப்ரோடோவின் முறை. மோதிரத்தின் கதை முழுவதையும் கேட்டு நடுங்கிப்போனவனிடம், இதோ உன் வீட்டுக் கணப்பில் நெருப்பு எரிகிறதே, வீசிப் பார் என்கிறார் கேன்டால்ஃப். ஃப்ரோடோ வீசத்தான் கை ஓங்குகிறான். பார்த்தால் மோதிரம் மறுபடி பைக்குள் இருக்கிறது. பயணம் இன்னும் தொடங்கவே இல்லை, ஊரை விட்டுக்கூட அவன் நகரவில்லை. கதையின் முடிவு என்னவாக இருக்கும் என்பதை ஆசிரியர் இரண்டாம் அத்தியாயத்திலேயே சொல்லிவிட்டார். வீட்டு நெருப்பில் போட முடியாதவன் எரிமலை நெருப்பில் எப்படிப் போடுவான்? முதல்முறை படித்தபோது இந்த இடத்தை நான் வேகமாகத் தாண்டிவிட்டேன். இப்போது அங்கே நிற்காமல் போக முடிவதில்லை.

இன்னும் சுவாரசியமான ஒன்று இருக்கிறது. 1937இல் வந்த 'ஹாபிட்' நாவலின் முதல் பதிப்பில் மோதிரம் வெறும் மந்திரப் பொருள்தான். விடுகதைப் போட்டியில் பில்போ ஜெயித்தால் அதைப் பரிசாகத் தருவதாக அதை அதுவரை வைத்திருந்த குகைவாசியான கோல்லம் அந்தப் பதிப்பில் தானே ஒப்புக்கொள்கிறான். பில்போ அதை ஏற்கெனவே கண்டெடுத்துவிட்டதால், தேடிப் பார்த்துக் கிடைக்காமல் மன்னிப்புக் கேட்டு, வெளியே போக வழி காட்டுகிறான். பின்னால் வந்த பெரிய நாவலில் மோதிரத்துக்குப் புதிய தன்மை வந்ததும் இது பொருந்தாமல் போனது. அந்த மோதிரத்தை யாரும் மனமுவந்து பந்தயம் வைக்க மாட்டார்கள். ஆகவே 1951 பதிப்பில் அந்த அத்தியாயத்தையே டோல்கீன் மாற்றினார். பழைய பதிப்பையும் அவர் வீணாக்கவில்லை. அது பில்போ சொன்ன பொய் என்று புதிய நாவலுக்குள் சேர்த்துவிட்டார். எனக்கு நியாயமாகக் கிடைத்த பரிசு என்று காட்டிக்கொள்ள, பொதுவாக நேர்மையான அந்த மனிதர் பொய் சொல்லியிருக்கிறார். மோதிரம் அவரிடம் செய்த முதல் கெடுதல் அது. கொலை, கொடுங்கோல் எல்லாம் பிறகு. முதலில் வருவது 'என்னுடையது' என்ற சொல்லும் அதைக் காப்பாற்ற ஒரு பொய்யும்.

பில்போவுக்கு முன்னால் வைத்திருந்தவர்களிடமும் இதையே பார்க்கலாம். சௌரோனின் கையிலிருந்து மோதிரத்தை அறுத்தெடுத்த இசில்டுர், போரில் இறந்த தன் தந்தைக்கும் தம்பிக்கும் ஈடாக அதை வைத்துக்கொள்வதாகச் சொன்னான். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. அது கையைச் சுட்டது, ஆனாலும் அருமையானது என்று எழுதியும் வைத்தான். இரண்டு ஆண்டுகளில் இறந்தான். நெடுங்காலம் கழித்து ஆற்றடியில் அதைக் கண்டெடுத்தவன் டீகோல். கூட வந்த ஸ்மீகோல், இன்று என் பிறந்தநாள், எனக்குக் கொடு என்று கேட்டு, மறுத்ததும் அவன் கழுத்தை நெரித்தான். அந்த ஸ்மீகோல்தான் பிறகு கோல்லம் ஆகி, கிட்டத்தட்ட 500 ஆண்டுகள் இருட்டில் அதை வைத்துக்கொண்டு கிடந்தான். நண்பர்கள் இருவர், நடுவில் மோதிரம், சில நிமிடங்களில் ஒரு கொலை. முறை வைத்துச் சுமந்தால் என்ன என்ற கேள்விக்கு முதல் பதில் இங்கேயே கிடைத்துவிடுகிறது.

வலியவர்கள் ஏன் மறுக்கிறார்கள் என்பதற்கு வருவோம். ஃப்ரோடோ மோதிரத்தை கேன்டால்ஃபிடம் நீட்டுகிறான். நீங்கள் அறிவும் ஆற்றலும் உள்ளவர், வாங்கிக்கொள்ளுங்கள் என்கிறான். கேன்டால்ஃப் பதறிப்போகிறார். அவர் சொல்லும் காரணம் கவனிக்க வேண்டியது. தனக்குக் கெட்ட எண்ணம் வந்துவிடும் என்று அவர் பயப்படவில்லை. மோதிரம் தன் மனதுக்குள் வருகிற வழி இரக்கமாக இருக்கும் என்கிறார். பலவீனர்கள் மேல் இரக்கம், அவர்களுக்கு நல்லது செய்ய வேண்டும் என்ற ஆசை, அதற்கு வலிமை வேண்டும் என்ற எண்ணம். இப்படித்தான் ஆரம்பிக்கும். எல்ஃப்களின் தலைவி கலாட்ரியலிடம் நீட்டும்போதும் இதுவே. இருண்ட அரசனுக்குப் பதிலாக எல்லோரும் அன்போடு வணங்கி நடுங்கும் ஓர் அரசி வருவாள் என்று அவள் தன்னையே அந்த நொடியில் கண்டுவிடுகிறாள். கண்டு, வேண்டாம் என்று விலகுகிறாள்.

அதிகாரம் மனிதனைக் கெடுக்கும் என்று ஆங்கிலேய வரலாற்றாசிரியர் ஆக்டன் பிரபு 1887இல் ஒரு கடிதத்தில் எழுதியது இன்று பழமொழி போலவே ஆகிவிட்டது. அதற்கும் வெகு முன்னால், உருவத்தை மறைக்கும் மோதிரம் கிடைத்த கைகஸ் என்ற இடையன் அரசனைக் கொன்று நாட்டைப் பிடித்த கதையை பிளேட்டோ சொன்னார். யாரும் பார்க்காதபோது மனிதன் நேர்மையாக இருப்பானா என்பது அந்தக் கதையின் கேள்வி. டோல்கீன் கேட்பது வேறு. நேர்மையானவனின் நேர்மையையே தூண்டிலில் புழுவாக மாட்டினால் என்ன ஆகும்?

மோதிரம் அவரவர் அளவுக்கு ஏற்ற சக்தியைத்தான் கொடுக்கும். இதை கலாட்ரியலே ஃப்ரோடோவிடம் சொல்கிறாள். மற்றவர்களை அடக்கி ஆளும் மனப் பயிற்சி இருந்தால்தான் அதன் முழு ஆற்றலும் வெளிவரும். அப்படியானால் ஆளும் ஆசையே இல்லாத ஒருவனிடம் அது மெதுவாகத்தான் வேலை செய்யும். ஹாபிட்களுக்கு நல்ல சாப்பாடு, தோட்டம், நண்பர்கள், குழாயில் புகை போதும். உலகத்தைத் திருத்தும் திட்டம் அவர்களிடம் இல்லை. மோதிரம் பிடித்துக்கொள்ள அவர்களிடம் கொக்கி குறைவு. ஃப்ரோடோவுக்குத் துணையாகப் போன சாம் என்ற ஹாபிட்டிடம் ஓரிரு நாள் மோதிரம் இருந்தபோது அதுவும் முயன்று பார்த்தது. எரியும் வாளோடு படை நடத்தும் மாவீரன் சாம், அவன் கட்டளையிட்டால் பாலைவனமே தோட்டமாகப் பூக்கும் என்று கனவு காட்டியது. அவன் தோட்டக்காரன், ஆகவே அவனுக்குக் காட்டிய ஆசையும் தோட்டம்தான். தன் கையால் பயிரிடும் ஒரு சின்னத் தோட்டம் தனக்குப் போதும், நாடளவு தோட்டம் வேண்டாம் என்று அவனுடைய நிதான புத்தி சொன்னது. மோதிரத்தின் ஆசை வலையிலிருந்து வெளியே வந்த விதங்களில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான்.

கொக்கியே இல்லாத ஒருவரும் நாவலில் உண்டு, டாம் பாம்படில். மோதிரம் அவர் விரலில் ஏறியும் ஒன்றும் ஆகவில்லை. அவரிடமே கொடுத்தால் என்ன என்று அவையில் பேச்சு வருகிறது. எங்காவது மறந்துபோய்த் தூக்கிப் போட்டுவிடுவார் என்று கேன்டால்ஃப் மறுக்கிறார். மோதிரத்தின் மேல் பற்றே இல்லாதவருக்கு அதன் ஆபத்தும் மனதில் பதியாது. ஆக, ஆசை பெரிதாக இருப்பவனும் ஆகாது, அக்கறையே இல்லாதவரும் ஆகாது. நடுவில் ஒரு சின்ன இடம் இருக்கிறது. ஃப்ரோடோ நிற்பது அங்கே.

எவ்வளவு நல்லவனானாலும் கூட இருப்பவன் ஏன் ஆபத்து என்பதற்குக் குழுவில் வந்த மனித வீரன் போரோமிர்தான் சாட்சி. அவனைச் சிலர் வில்லன் போலப் பேசுவதைக் கேட்டால் எனக்கு வருத்தமாக இருக்கும். அவனுடைய நகரம் எதிரியின் எல்லையில் நின்று எல்லோருக்காகவும் அடி வாங்கிக்கொண்டிருக்கிறது. அவன் கேட்பது ஓர் ஆயுதம். அதுவும் தன் மக்களைக் காக்க. இரண்டு மாதம் மோதிரத்தின் பக்கத்தில் நடந்ததிலேயே அந்த நியாயமான ஆசை ஊறிப் பெருகி, ஆமோன் ஹென் மலையில் ஃப்ரோடோவின் மேல் பாய வைக்கிறது. தெளிந்ததும் கதறுகிறான், மற்ற ஹாபிட்களைக் காக்கப் போரிட்டு அம்புகள் தைத்துச் சாகிறான். அவன் தம்பி ஃபாராமிர் அதே சோதனையில் தேறுகிறான். சாருமான் என்ற மந்திரவாதி மோதிரத்தைக் கண்ணால் பார்த்ததே இல்லை, அதைப் பற்றிப் படித்துப் படித்தே கெட்டுப்போகிறான். தொட வேண்டும் என்றுகூட இல்லை. பக்கத்தில் இருந்தால் போதும், சிலருக்கு நினைத்தாலே போதும்.

இப்போது முறை வைத்துச் சுமப்பதை யோசித்துப் பாருங்கள். சாதாரண மூட்டையைப் பத்துப் பேர் மாற்றி மாற்றித் தூக்கினால் பாரம் பத்தாகப் பிரியும். மோதிரத்தைப் பத்துப் பேர் மாற்றித் தூக்கினால் பாரம் பிரியாது, ஆசைதான் பத்துப் பேருக்கும் பரவும். ஒவ்வொரு முறை கை மாறும்போதும் கொடுக்கிறவனுக்குப் பிடுங்கப்பட்ட வலி, வாங்குகிறவனுக்குப் புதிய பசி. வைத்திருந்த மோதிரத்தைத் தானாக விட்டுக்கொடுத்தவர்கள் என்று பில்போவையும் சாமையும் விட்டால் வேறு யாரையும் சொல்ல முடியாது. அவர்களும் அரைமனதோடுதான் கொடுத்தார்கள்.

முறை வைத்துச் சுமக்கும் யோசனையை வேறொரு புகழ்பெற்ற கதை செய்தே பார்த்திருக்கிறது. 2007இல் வந்த ஹாரி பாட்டர் வரிசையின் கடைசி நாவலில், தீய மந்திரவாதியின் உயிரின் ஒரு துண்டு ஒளிந்திருக்கும் பதக்கத்தை மூன்று நண்பர்கள் மாற்றி மாற்றிக் கழுத்தில் போட்டுக்கொள்கிறார்கள். அது அவர்கள் மனதைக் கசப்பாக்குகிறது, சண்டை மூட்டுகிறது, ரான் கோபித்துக்கொண்டு பிரிந்துபோகிறான். ஆனாலும் அந்த ஏற்பாடு ஓரளவு நடக்கிறது. ஏன் என்று யோசித்தால், அந்தப் பதக்கத்தின் மேல் மூவருக்கும் ஆசை இல்லை. கழற்றிக் கொடுக்கும் நேரம் வந்தால் அப்பாடா என்றுதான் இருக்கும். பிடிக்காத சுமையைப் பகிர்ந்துகொள்ளலாம். பிடித்துப்போன சுமையைப் பகிர முடியாது. கோல்லம் மோதிரத்தை வெறுக்கவும் செய்தான், நேசிக்கவும் செய்தான், தன்னைத்தானே அப்படி நினைத்தது போலவே. இந்தக் கேள்வியின் முடிச்சு முழுவதும் எனக்கு இங்கேதான் அவிழ்கிறது.

ரிவெண்டெலின் தலைவர் எல்ரோண்டுக்கு இது முன்பே தெரிந்திருக்கிறது. குழு புறப்படும்போது அவர் ஆணையிடுவது ஒருவனுக்கு மட்டும். மோதிரத்தை எறியக் கூடாது, எதிரியின் ஆட்களிடம் கொடுக்கக் கூடாது, குழுவிலும் அவையிலும் உள்ளவர்கள் தவிர வேறு யாரும் தொட விடக் கூடாது, அவர்களும் மிகப் பெரிய நெருக்கடியில்தான் தொடலாம். மற்ற எட்டுப் பேருக்கும் எந்தக் கட்டும் இல்லை. எவ்வளவு தூரம் முடியுமோ வரலாம், திரும்பலாம். துணை வருவதாகச் சத்தியம்கூட வாங்க அவர் மறுக்கிறார். இருட்டைப் பார்த்திராதவன் இருட்டில் நடப்பேன் என்று வாக்குக் கொடுக்க வேண்டாம் என்பது அவர் எண்ணம். இதைப் படிக்கும்போது கொடுமையாகத் தோன்றும். ஒருவனைக் கட்டிப்போட்டுவிட்டு மற்றவர்களை அவிழ்த்து விடுகிறாரே! ஆனால் கட்டாயத்தில் கூட வருகிற துணை, மோதிரத்தின் பக்கத்தில் எத்தனை நாள் துணையாக இருக்கும்?

ஆமோன் ஹென்னில் போரோமிரிடமிருந்து தப்பிய பிறகு ஃப்ரோடோ தனியாகப் போக முடிவு செய்கிறான். அப்போது அவன் சொல்லிக்கொள்ளும் காரணம் இரண்டு பக்கமும் வெட்டுகிறது. குழுவில் சிலரை நம்ப முடியாது. நம்பக்கூடியவர்களோ இழக்க முடியாத அளவுக்கு வேண்டியவர்கள். முதல் பாதி பயம், இரண்டாம் பாதி அன்பு. நான் வீரன், தனியாகவே பார்த்துக்கொள்வேன் என்ற மிடுக்கு அதில் ஒரு துளி இல்லை.

தந்திரக் காரணமும் ஒன்று இருக்கிறது, அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மோதிரம் கிடைத்தால் யாராக இருந்தாலும் பயன்படுத்துவார்கள் என்றுதான் சௌரோன் நினைப்பான், அழிக்க நினைப்பார்கள் என்பது அவனுக்குத் தோன்றவே தோன்றாது. ஆகவே அவன் கண் படைகளையும் மன்னர்களையும் தேடும், இரண்டு சின்ன உருவங்களைத் தேடாது. கழுகுகளில் ஏறிப் பறந்து போயிருக்கலாமே என்று ரசிகர்கள் ஓயாமல் கேட்பதுண்டு. கழுகுகளைத் தொட்டதற்கெல்லாம் கூப்பிட்டால் கதையே கெட்டுவிடும் என்று டோல்கீனுக்குத் தெரிந்திருந்தது. 1958இல் ஒரு திரைக்கதை முயற்சியைப் படித்துவிட்டு அவை ஆபத்தான கருவி என்று எழுதினார். எனக்கு இந்த விவாதத்தில் பெரிய ஈடுபாடு இல்லை. கழுகில் பறந்து போயிருந்தாலும் எரிமலை விளிம்பில் மோதிரத்தை விட ஒரு கை வேண்டுமே. சிக்கல் தூரத்தில் இல்லை.

அப்படியானால் ஃப்ரோடோ உண்மையில் தனியாகத்தான் போனானா? இல்லை. சாம் விடவில்லை. படகில் தனியாகக் கிளம்பியவனைத் துரத்தி, நீச்சல் தெரியாமல் ஆற்றில் குதித்து மூழ்கப் போனான். அதற்கு முன்பே, ஊரிலிருந்து கிளம்பும்போதே, நண்பர்கள் ரகசியமாகக் கூடிப் பேசி, எங்களை நீ கடைசிவரை நம்பலாம், ஆனால் சொல்லாமல் தனியாகப் போக விடுவோம் என்று மட்டும் நம்பாதே என்று சொன்னதும் உண்டு. நாவலில் தனியாக இருக்க வேண்டியது மோதிரத்தைச் சுமப்பது மட்டும்தான். சமையல், காவல், தண்ணீரை மிச்சம் பிடிப்பது, வழி பார்ப்பது, பேச்சுக் கொடுப்பது எல்லாமே சாமுடையது. வேறு ஒரு மூலையில் குழுவில் வந்த அரகோர்னும் கேன்டால்ஃபும் 7000 பேருடன் எதிரியின் கருப்பு வாசலுக்குப் போகிறார்கள். ஜெயிக்க வழியே இல்லாத அந்தப் போர், சௌரோனின் கண்ணை இரண்டு ஹாபிட்களிடமிருந்து திருப்புவதற்காகவே. அங்கே சாகிறவன் ஒவ்வொருவனும் மோதிரத்தைத் தொடாமலேயே அதன் பாரத்தில் ஒரு பங்கு சுமக்கிறான்.

சாம் தொடவும் கேட்கிறான். எதிரிகள் ஃப்ரோடோவைச் சிறைவைத்த கிரித் உங்கோல் கோபுரத்தில் அவனைக் கண்டுபிடித்து, பத்திரமாக வைத்திருந்த மோதிரத்தை எடுக்கிறான். பாரம் ரொம்ப அதிகமாக இருந்தால் நானும் பங்கு போட்டுக்கொள்கிறேன் என்று தயங்கித் தயங்கிச் சொல்கிறான். அந்த நொடி ஃப்ரோடோவின் கண்ணுக்கு அவன் எச்சில் வடிக்கும் ஒரு கேடுகெட்ட பிராணியாகத் தெரிகிறான். திருடன் என்று கத்திப் பிடுங்கிக்கொள்கிறான். பிடுங்கிய பிறகு மன்னிப்புக் கேட்கிறான். உதவி என்ற சொல்லே திருட்டாகக் காதில் விழும் அளவுக்குச் சுமை உள்ளே போய்விட்டது. அதன் பிறகும் சாம் ஒருமுறை கேட்டுப் பார்க்கிறான், மறுபடியும் மறுப்புதான். எரிமலைச் சரிவில் ஃப்ரோடோ நடக்க முடியாமல் தவழ ஆரம்பித்தபோது, மோதிரத்தைத்தான் என்னால் தூக்க முடியாது, உங்களைத் தூக்கலாமே என்று முதுகில் ஏற்றிக்கொண்டு நடக்கிறான். பயந்த அளவுக்குப் பாரமே இல்லை என்று அவனுக்கு ஆச்சரியம்.

2003இல் வந்த திரைப்படத்தில் கோல்லத்தின் பேச்சைக் கேட்டு ஃப்ரோடோ சாமை வீட்டுக்குப் போ என்று துரத்துகிற காட்சி வரும். நாவலில் அது கிடையாது. நான் படத்தைப் பார்த்துவிட்டுப் புத்தகத்துக்கு வந்தவன், அந்தக் காட்சியைத் தேடிப் பார்த்து இல்லை என்றதும் உண்மையில் நிம்மதியாக இருந்தது. தனிமையைக் காட்டுவதற்காகப் படம் சாமை விலக்குகிறது. நாவலில் சாம் பக்கத்திலேயே படுத்திருக்கும்போதுதான் ஃப்ரோடோ மிகத் தனியாக இருக்கிறான். வழியில் ஃபாராமிரின் நாட்டில் சாப்பிட்ட முயல்கறி நினைவிருக்கிறதா என்று சாம் கேட்கும்போது, நடந்தது தெரியும், ஆனால் கண்ணுக்குள் எதுவும் வரவில்லை என்கிறான். உணவின் ருசி, தண்ணீரின் ஈரம், காற்றின் சத்தம், மரம், புல் எதுவும் இல்லை. நெருப்புச் சக்கரம் ஒன்று மட்டும் விழித்திருக்கும்போதும் தெரிகிறது. கைக்கெட்டும் தூரத்தில் நண்பன் இருக்க, இருவருக்கும் பொதுவான நினைவுகள் அழிந்துபோவதைவிடப் பெரிய தனிமை என்ன இருக்கிறது?

டோல்கீன் இதையெல்லாம் எங்கே பார்த்தார் என்று ஊகிக்க அவருடைய வாழ்க்கையில் இடம் இருக்கிறது. 1916இல் ஸோம் போர்முனையில் தகவல் தொடர்பு அதிகாரியாக இருந்தார். பதுங்குகுழிக் காய்ச்சலோடு நவம்பரில் இங்கிலாந்து திரும்பினார். 1918க்குள் தன் நெருங்கிய நண்பர்களில் ஒருவரைத் தவிர எல்லோரையும் இழந்துவிட்டதாக எழுதியிருக்கிறார். சாம், தான் அந்தப் போரில் பார்த்த சாதாரணச் சிப்பாய்களின், அதிகாரிகளுக்கு உதவியாளர்களாக இருந்தவர்களின் சாயல் என்று அவரே சொன்னதுண்டு. மோதிரம்தான் அணுகுண்டு, சௌரோன்தான் ஹிட்லர் என்ற வகையான விளக்கங்களை அவர் ஏற்கவில்லை. உண்மையான போரைப் பின்பற்றியிருந்தால் மோதிரத்தைக் கைப்பற்றிப் பயன்படுத்தியிருப்பார்கள் என்று முன்னுரையில் சொல்லிவிட்டார். எனக்கு அந்தப் போர் அனுபவம் மோதிரத்தில் தெரிவதைவிட, திரும்பி வந்த ஃப்ரோடோவிடம்தான் அதிகம் தெரிகிறது.

அதற்கு முன்னால் எரிமலை. இத்தனை பாடுபட்டு விளிம்பில் வந்து நின்ற ஃப்ரோடோ, வந்த வேலையைச் செய்யப் போவதில்லை, மோதிரம் என்னுடையது என்று தெளிவான குரலில் சொல்லி விரலில் மாட்டிக்கொள்கிறான். பில்போ சொன்ன அதே சொல். கோல்லம் பாய்ந்து விரலோடு கடித்தெடுத்து, மகிழ்ச்சியில் துள்ளி, கால் தவறி நெருப்பில் விழுகிறான். மோதிரம் அழிவது இப்படித்தான். அந்த விளிம்பில் நாயகன் தோற்றுவிட்டான்.

இதைப் பற்றி வாசகர்கள் கேட்டபோது டோல்கீன் தன் கடிதங்களில் விரிவாகப் பதில் எழுதினார். அந்த இடத்தில், அவ்வளவு காலம் சுமந்த பிறகு, யாராலும் எதிர்த்திருக்க முடியாது என்பது அவர் கருத்து. உடலிலும் மனதிலும் இருந்த கடைசிச் சொட்டு வரைக்கும் ஃப்ரோடோ செலவழித்துவிட்டான், அது அவனை அந்த இடம் வரை கொண்டுவந்து சேர்க்கத்தான் போதுமாக இருந்தது. ஒழுக்கத்தில் அவன் தவறவில்லை, தாங்கும் எல்லை தீர்ந்துபோனது என்கிறார். ஆக, தனியாகச் சுமக்க வேண்டும் என்ற விதியைப் போட்ட ஆசிரியரே, தனியாக ஒருவனால் முடிக்க முடியாது என்றும் சொல்கிறார். இரண்டும் முரண் போலத் தோன்றலாம். எனக்குத் தோன்றவில்லை. மற்றவர்களை மோதிரத்திடமிருந்து காப்பதற்காக ஒருவன் தன்னை எரியவிடுகிறான், எரிந்து முடிவதற்குள் வேறு ஏதாவது வந்து சேர வேண்டும்.

வந்து சேர்ந்தது, பழைய இரக்கம். குகையில் கோல்லத்தைக் கொன்றிருக்கக்கூடிய பில்போ கொல்லவில்லை. ஃப்ரோடோ வழியில் அவனைப் பிடித்தும் கொல்லவில்லை, தானும் நாளை அப்படி ஆகலாம் என்பதை அவன் கண்ணாலேயே பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியாக எரிமலைச் சரிவில் சாம் வாளை ஓங்குகிறான். அவனுக்குக் கோல்லத்தின் மேல் இரக்கமே இருந்ததில்லை. ஆனால் ஓரிரு நாள் மோதிரத்தைச் சுமந்திருக்கிறான். அதனால் அந்த ஜீவனின் சுருங்கிப்போன மனசு படும் வேதனை லேசாகப் புரிகிறது, கை இறங்கிவிடுகிறது. சாம் அன்று வெட்டியிருந்தால் மோதிரம் அழிந்திருக்காது. அந்தச் சுமையிலிருந்து யாருக்காவது ஒரு நன்மை கிடைத்தது என்றால் இந்த ஒன்றுதான், அதைச் சுமந்தவனுக்குத்தான் அதைச் சுமக்கிற இன்னொருவனின் வலி தெரிகிறது.

ஊர் திரும்பிய பிறகு ஃப்ரோடோவுக்கு ஒவ்வோர் ஆண்டும் குறிப்பிட்ட நாட்களில் உடம்புக்கு முடியாமல் போகிறது. அக்டோபர் 6, பழைய கத்திக்குத்து விழுந்த நாள். மார்ச் 13, ஷெலோப் என்ற ராட்சதச் சிலந்தி கொட்டிய நாள். அப்படி ஒரு நாள், கழுத்தில் தொங்கும் வெள்ளைக் கல்லைப் பிடித்தபடி, அது போய்விட்டது, இனி எல்லாம் இருட்டு, வெறுமை என்று பாதி மயக்கத்தில் முனகுகிறான். உலகம் அழிவிலிருந்து தப்பிவிட்டது, காப்பாற்றியவனுக்கோ அந்தப் பொருள் இல்லையே என்ற ஏக்கம். அதை யாரிடம் சொல்ல முடியும்? ஊர்க்காரர்களுக்குப் புரியாது. சாமுக்குப் புதிதாகக் கல்யாணம் ஆகியிருக்கிறது, குழந்தை பிறந்திருக்கிறது. அவனைக் கலவரப்படுத்த மனமில்லாமல் ஃப்ரோடோ பெரும்பாலும் மறைத்துவிடுகிறான். கடைசியில் கடலைத் தாண்டிப் போகிற கப்பலில் ஏறுகிறான். பில்போவும் கூட இருக்கிறார்.

நானும் வருகிறேன் என்று சாம் அழுதபோது ஃப்ரோடோ இப்போது வேண்டாம் என்கிறான். நீயும் கொஞ்ச நேரம் மோதிரம் சுமந்தவன்தான், உனக்கும் காலம் வரலாம், அதுவரை நீ இரண்டாகக் கிழிந்து நிற்க வேண்டாம் என்கிறான். நாவலின் பின்னிணைப்பில் ஒரு சின்னக் குறிப்பு இருக்கிறது. 61 ஆண்டுகள் கழித்து, மனைவி ரோஸ் இறந்த பிறகு, சாம் வீட்டை விட்டுக் கிளம்புகிறான். தங்கள் பயணக் கதை எழுதப்பட்ட சிவப்புப் புத்தகத்தை மகள் எலனோரிடம் கொடுத்துவிட்டு, மோதிரம் சுமந்தவர்களில் கடைசி ஆளாகக் கப்பல் ஏறிப் போனான் என்று அவள் வழியாக வந்த செய்தி சொல்கிறது.